காட்டைக் காப்பது யார்? சம்பளம் பெறுவது யார்?

காடுகளையும் காட்டு மிருகங்களையும் காப்பாற்ற வேண்டும் என்கின்ற சப்தம் இப்போது எங்கு பார்த்தாலும் பலமாகக் கேட்கின்றது. மந்திரிகள் பேசுகின்றார்கள்; பத்திரிகைகள் எழுதுகின்றன; பள்ளிப் பிள்ளைகளுக்குப் புலி வேஷம் கட்டி ஊர்வலம் விடுகின்றார்கள். நாம் இதற்கு விரோதிகள் அல்ல. காடு அழிந்தால் ஆறு என்னவாகும் என்பதைக் காவிரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் குடியானவனுக்கு எவரும் வந்து உபதேசிக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு சப்தத்திற்கிடையில் ஒரு சங்கதியைப் பற்றி வாய் திறப்பவர்கள் மாத்திரம் மிகச் சிலராகவே இருக்கின்றார்கள். அதாவது, இந்தக் காப்பாற்றும் வேலையைக் கையால் செய்கின்றவன் யார், அவன் எந்தக் கூட்டத்தில் பிறந்தவன், அவனுக்கு என்ன கூலி கிடைக்கின்றது என்பதேயாகும்.

2006-ம் வருஷத்தில் நம் தேசத்துக் காடுகளில் 1,411 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். 2022-ம் வருஷத்து மதிப்பீட்டில் அது 3,682 ஆயிற்று. தமிழ்நாட்டில் மாத்திரம் 76 என்றிருந்தது 306 என்றாயிற்று. இதைப் பற்றிப் பெருமை பேசாதவர்கள் இல்லை. சரி, இந்தப் புலிகளை எண்ணியது யார்? மரத்தில் காமிராப் பெட்டியைக் கட்டி, நாள் தவறாமல் போய்ப் பார்த்தது யார்? கண்ணி வைத்தவனைத் தடம் பிடித்தது யார்? கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டியதும், தீப் பிடித்தபோது பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைத்ததும் யார்? முதுமலையில் இருளரும் குறும்பரும் காட்டுநாயக்கரும், ஆனைமலையில் காடரும் மலசரும், களக்காடு முண்டந்துறையில் காணிக்காரரும் இவ்வேலையில் முன்னால் நடக்கின்றார்கள். இவர்களிலே பெரும்பாலோருக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் என்று பெயர். அரிசியையும் பருப்பையும் தோளில் சுமந்துகொண்டு காட்டுக்குள் இருக்கும் முகாமுக்குப் போய், முறை வைத்துத் தங்கி, யானையும் கரடியும் எதிர்ப்படும் வழியில் கையில் ஒரு தடியுடன் நடப்பதுதான் இவர்கள் உத்தியோகம்.

இனி, சம்பள ஏணியைப் பார்ப்போம். இந்திய வனப்பணி என்பது 1966-ம் வருஷத்தில் ஏற்பட்டது. 2016 முதல் அமுலுக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி அதில் புதிதாய்ச் சேருகின்றவருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். உச்சியில் இருப்பவருக்கு 2,25,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2017-ம் வருஷத்தில் திருத்திய அட்டவணைப்படி வனக்காப்பாளரின் துவக்கச் சம்பளம் 18,200, வனக்காவலருக்கு 16,600. உச்சிக்கும் அடிக்கும் பதின்மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். படிகள் வேறு. இந்த வித்தியாசம் நியாயமா என்கின்ற விவகாரத்தை இன்று நாம் எழுப்பவில்லை. ஏனென்றால், நாம் சொல்ல வந்த ஆள் இந்த ஏணியின் கடைசிப் படியிலும்கூட இல்லை. ஏணிக்கு வெளியே தரையில் நிற்கின்றான். வேட்டைத் தடுப்புக் காவலனுக்குத் தொகுப்பூதியம் என்று மாதத்திற்கு ஒரே தொகை. வருஷ உயர்வு இல்லை. பதவி உயர்வு இல்லை. கிழவனானால் பென்ஷன் இல்லை. பத்து வருஷம் நடந்தவனும் நேற்று வந்தவனும் ஒன்றேயாகும்.

இது ஏன் இப்படி இருக்கின்றது என்று கேட்டால், பணம் திட்டத்திலிருந்து வருகின்றது, திட்டம் வருஷத்திற்கு வருஷம் மஞ்சூராக வேண்டியது, ஆதலால் நிரந்தர உத்தியோகம் சிருஷ்டிக்க முடியாது என்று பதில் சொல்லுவார்கள். புலிப் பாதுகாப்புத் திட்டம் 1973-ம் வருஷத்தில் ஆரம்பித்தது. ஐம்பது வருஷத்திற்கு மேல் நடந்து வருகின்ற ஒரு வேலை தற்காலிக வேலையா? புலி நிரந்தரம், காடு நிரந்தரம், காட்டிலாகாவின் கட்டடமும் காரும் நிரந்தரம், காவல் காக்கின்றவன் ஒருவன்தான் தற்காலிகம் என்றால் இந்தக் கணக்கை எந்த ஊர்க் கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்ளுவான்?

நிற்க, மற்றொரு சமாதானம் உண்டு. அதுதான் படிப்பு. இவர்களுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை, பரீட்சை தேறவில்லை, ஆகையால் மேலே ஏற்ற யோக்கியதை இல்லை என்பார்கள். யோக்கியதை என்றால் என்ன என்பதற்கு நடந்த சங்கதி ஒன்றையே சொல்லுகின்றோம். நம் செங்கற்பட்டுச் சீமை இருளர்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பாம்பு பிடிப்பவர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்திற்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று போய், அவர்கள் ஜீவனத்திற்குத் தவித்தார்கள். 1978-ல் அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகின்றார்கள். நம் நாட்டில் பாம்புக்கடிக்குப் போடுகின்ற ஊசி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்து போயிருக்கின்றது. இதில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்கின்ற இரண்டு தோழர்களை 2017-ம் வருஷத்தில் அமெரிக்காவின் புளோரிடா சர்க்கார் வரவழைத்தது. ஏன்? அங்கே சதுப்புக் காட்டில் பர்மா தேசத்து மலைப்பாம்புகள் பெருகி, உள்ளூர்ப் பிராணிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அந்நாட்டு நிபுணர்களாலேயே கண்டுபிடிக்க முடியாமல் பாம்புகள் புல்லில் மறைந்து கிடந்தன. நம் இருளர்கள் போய் இரண்டு வாரத்திற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ம் வருஷத்தில் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. பட்டம் கொடுத்தது சரியே. ஆனால், அமெரிக்காக்காரன் கப்பலேற்றி அழைத்துப் போன (கப்பல் என்ன, ஆகாய விமானமே) அந்த அறிவுக்கு, நம் ஊர் உத்தியோக விண்ணப்பத் தாளில் எழுதிக்கொள்ள ஒரு கட்டம்கூட இல்லையே, இது எந்த நியாயம் என்று கேட்கின்றோம்.

பரீட்சை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் தெரிய வேண்டும், கணக்கு எழுதத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க வைகை அணையில் வனவியல் பயிற்சிக் கல்லூரி இருக்கின்றது. எழுத்துக் கற்பிப்பது சில மாத வேலை. தடம் பார்த்து, இந்த யானை எப்போது போயிற்று, குட்டியோடு போயிற்றா என்று சொல்லக் கற்பிப்பது எத்தனை வருஷத்து வேலை? சுலபமானதைத் தெரிந்தவன் மேலே, கஷ்டமானதைத் தெரிந்தவன் கீழே என்று வைத்திருக்கின்ற ஏற்பாட்டிற்கு யோக்கியதை என்று பெயர் சூட்டியிருக்கின்றார்கள்.

இதற்கு வரலாறும் உண்டு. 1882-ம் வருஷத்தில் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தபோது, அதுவரை காட்டில் கிழங்கெடுத்துத் தேனெடுத்து வாழ்ந்தவன் ஒரே நாளில் குற்றவாளியானான். விறகு எடுத்தால் குற்றம், மாடு மேய்த்தால் குற்றம். வெள்ளைக்கார அதிகாரி வேட்டையாட வரும்போது மாத்திரம் அதே குற்றவாளி வழிகாட்டியானான். வெள்ளைக்காரன் போனான், வேட்டையும் சட்டப்படி நின்றது. வழிகாட்டி மாத்திரம் அதே இடத்தில், அதே கூலிக்காரனாய் நிற்கின்றான். 2006-ம் வருஷத்தில் வன உரிமைச் சட்டம் செய்து, பழைய அநீதியை நீக்குவதாகப் பார்லிமெண்டே ஒப்புக்கொண்டது. நிலத்தில் ஒப்புக்கொண்ட நியாயம் சம்பளத்தில் எட்டிப் பார்க்கவில்லை.

இனி, காட்டுப் பாதுகாப்பு என்பது சர்க்கார் இலாகா மாத்திரமல்ல. ஆராய்ச்சிக்காரர்களும் தர்மஸ்தாபனங்களும் நடத்துகின்ற வேலையும் உண்டு. அங்கே இருக்கின்ற தந்திரம் வேறு. "இது உத்தியோகம் அல்ல, தொண்டு, பணத்தை எண்ணுகின்றவன் இதற்கு வரலாகாது" என்பார்கள். வாலிபர்களைச் சம்பளமின்றி ஆறு மாதம், ஒரு வருஷம் வேலை வாங்குவார்கள். உலகத்தில் சில இடங்களில், வேலை செய்ய வருகின்றவனே பணம் கட்ட வேண்டும். வேலையும் செய்து கட்டணமும் கொடுப்பது நம் கோயில்களில்தான் உண்டு என்று எண்ணியிருந்தோம்! இதன் பலன் என்ன? தகப்பன் சாப்பாடு போட்டு வைத்திருக்கக்கூடிய பிள்ளைதான் அனுபவப் பத்திரம் சம்பாதிக்க முடியும். மாதம் பிறந்தால் வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டிய பிள்ளைக்குக் காட்டின்மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் வாசற்படியிலேயே நின்றுவிட வேண்டியதுதான். பிறகு பெரிய உத்தியோகத்திற்கு ஆள் எடுக்கும்போது "அனுபவமுள்ளவர்" வேண்டுமென்று விளம்பரம் செய்வார்கள். அனுபவத்தைக் காசுக்கு விற்றுவிட்டு, பிறகு அதையே தகுதி என்று கேட்பது எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்.

இது நம் ஊர்ப் பேச்சு மாத்திரமல்ல. அமெரிக்காவில் 2014-ம் வருஷத்தில் டொர்சேட்டா டெய்லர் என்கின்ற அம்மையார், சுற்றுப்புறப் பாதுகாப்பு ஸ்தாபனங்களில் யார் யார் உத்தியோகம் பார்க்கின்றார்கள் என்று கணக்கெடுத்து வெளியிட்டார். அந்த தேசத்தில் வெள்ளையரல்லாதார் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஸ்தாபனங்களிலோ அவர்கள் நூற்றுக்கு 16 பேரைத் தாண்டவில்லை. எவரும் "கறுப்பர் வரக்கூடாது" என்று பலகை தொங்கவிட்டிருக்கவில்லை. பலகை எதற்கு? சம்பளமில்லாத முதல் வருஷமே போதும்.

பெண்கள் சங்கதியும் இதுவே. உலகத்துக் காட்டுக் காவலரில் பெண்கள் நூற்றுக்கு 3 முதல் 11 வரை என்றே மதிப்பிடுகின்றார்கள். இந்திய வனப்பணியில் பெண்களுக்கு 1980-ல்தான் கதவு திறந்தது. குஜராத்தில் 2007 முதல் பெண்களைக் கிர்க் காட்டுக் காவலுக்கு எடுத்தார்கள். சிங்கம் ஒன்றும் ஆக்ஷேபிக்கவில்லை. நம் தெப்பக்காடு யானை முகாமில் தாயற்ற யானைக் குட்டிகளைப் பாலூட்டி வளர்த்த பெள்ளி அம்மாளுக்கு, அவரும் அவர் கணவர் பொம்மனும் இடம்பெற்ற படம் 2023-ல் ஆஸ்கார் பரிசு பெற்ற பிறகுதான் காவடி உத்தியோகம் வந்தது. அவரே தமிழ்நாட்டின் முதல் பெண் காவடி. அப்போது இரண்டு யானை முகாம்களையும் சேர்ந்த 91 ஊழியர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. எங்கேயோ ஒரு பரிசு விழுந்தால்தான் இங்கே கூலிக்காரன் முகம் தெரியும் என்றால், படம் பிடிக்காத காவலன் என்ன செய்வான்?

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்துக் காட்டிலாகாவில் வருஷக்கணக்காகத் தினக்கூலியாய் வைக்கப்பட்டவர்கள் வழக்கில், நிரந்தர உரிமையைக் கொடாமலிருப்பதற்காகவே ஆட்களைத் தற்காலிகமாக வைத்திருப்பது அநியாயமான தொழில் வழக்கம் என்று சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். அத்தீர்ப்பு 1996-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கின்றது. 2006-ல் உமாதேவி வழக்கில், தற்காலிகமாய் வந்தவர் நிரந்தரத்தை உரிமையாய்க் கேட்க முடியாது என்றார்கள். இலாகாக்கள் இதைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. ஆனால் 2016-ல் ஜக்ஜீத் சிங் வழக்கில், ஒரே வேலை செய்கின்ற தற்காலிக ஊழியருக்கும் அந்த உத்தியோகத்தின் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டுமென்று தீர்த்ததை ஏனோ மறந்துவிடுகின்றார்கள்.

ஆளும் அதிகமாய் வேண்டியிருக்கின்றது. உலகமெங்கும் காட்டுக் காவலர் சுமார் 2,86,000 பேரே உள்ளனர் என்றும், 2030-க்குள் 15 லட்சத்துக்கு மேல் தேவை என்றும் 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். ஆகவே புதிதாய் ஆள் எடுக்கத்தான் போகின்றார்கள். பழையபடி எடுத்தால் தொகுப்பூதியக்காரர் கூட்டம்தான் பெருகும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு எல்லா உத்தியோகத்திலும் நூற்றுக்கு ஒன்று என்று ஒதுக்கியிருக்கின்றது. ஜனத்தொகைக்கு அது சரியென்றே வைத்துக்கொள்வோம். மலையில் பிறந்தவனுக்குச் சமவெளி ஆபீசில் நூற்றில் ஒன்று, மலையிலேயே இருக்கின்ற வேலையிலும் நூற்றில் ஒன்று என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. காட்டுக்குள் நடக்கின்ற வேலைக்குக் காட்டில் நடந்த வருஷங்களையே முதல் தகுதியாக வைத்து, இப்போது நடந்துகொண்டிருப்பவர்களை முதலில் வனக்காவலர் அட்டவணையில் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு மற்றவர்களுக்குப் பரீட்சை வைக்கட்டும்.

காட்டிலாகா மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது, எத்தனை புலி என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை தொகுப்பூதியக் காவலர், எத்தனை வருஷமாய், எந்தெந்த வகுப்பார், அதில் பெண்கள் எத்தனை பேர், ஆளுக்கு என்ன கூலி என்று ஓர் அங்கத்தினராவது எழுந்து கேட்க வேண்டும். கூடலூர், பொள்ளாச்சி, சத்தியமங்கலம், அம்பாசமுத்திரம் பக்கத்துத் தோழர்கள் இந்தக் கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதித் தங்கள் அங்கத்தினருக்கு இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடலாம்.