மென்பொருள் சொன்னதை வைத்து மாணவரைத் தண்டிக்க வேண்டாம்



நாங்கள் தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, அசைன்மென்ட்டைக் கையில் வாங்கும்போதே ‘இதை யார் எழுதியது?’ என்ற சந்தேகம் எழுகிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு விடை தேடி, இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் மென்பொருளிடம் போவது தவறு என்கிறோம்.

எழுத்தில் அடுத்தடுத்த சொற்களை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதை இத்தகைய மென்பொருள்கள் முக்கியமாகக் கணக்கிடுகின்றன. அதனால் எளிய, பழகிய சொற்களில் எழுதுபவர் மாட்டிக்கொள்கிறார். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு மென்பொருள்களில் இட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் குறைவு என்று தன் கண்டறியும் கருவியை விலக்கிக்கொண்டது.

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நம் வகுப்புகளில் ஏராளம். இந்தப் பிழை முதலில் அவர்கள் தலையில்தான் விழும்.

ஆசிரியர்களே, சந்தேகம் வந்தால் மாணவரை அழைத்துப் பேசுங்கள். இந்த முடிவுக்கு எப்படி வந்தார், எந்த நூலைப் படித்தார் என்று கேளுங்கள். தானே எழுதியவரால் விளக்க முடியும். வரைவையும் சேர்த்து வாங்குங்கள்.

கல்லூரி நிர்வாகத்தினரே, அறுபது பேர் கொண்ட வகுப்பில் இப்படிப் பேச நேரம் வேண்டும். அதை ஆசிரியரின் பணிநேரத்தில் சேருங்கள். எந்தப் பாடத்தில் எந்த அளவுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவியுங்கள்.

மாணவர்களே, புரியாத பாடத்தை விளக்கச் சொல்லிச் செயற்கை நுண்ணறிவிடம் கேளுங்கள். எழுதுவதை நீங்களே எழுதுங்கள். எங்கே உதவி பெற்றீர்கள் என்பதை மறைக்காமல் குறிப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவு சொல்லும் நூல்களில் சில உலகத்திலேயே இல்லாதவை, அதனால் நூலகத்தில் சரிபாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைமீது புகார் வந்தால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். துறைத் தலைவரைச் சந்தித்து, நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள்.

மாணவரின் விளக்கத்தைக் கேட்காமல் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. இதை ஒரு விதியாகவே வரும் பருவத்துக்குள் உங்கள் கல்லூரியின் கல்விக்குழுவில் நிறைவேற்றச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள் சிலர்