அறிவிக்கப்படாத சட்டம்

1923 டிசம்பரில் ஜெய்ப்பூர் சமஸ்தான அமைச்சரவை அபின் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதை அரசிதழில் வெளியிடவில்லை; குடிமக்களுக்கு வேறெந்த வழியிலும் தெரியப்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு கழித்து ஹர்லா என்பவருக்கு அந்தச் சட்டத்தின்கீழ் 50 ரூபாய் அபராதம் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்களுக்கு அறிவிக்காத சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று 1951இல் நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பெழுதினார். ஐம்பது ரூபாய்க்காகப் போராடிய அந்த மனிதருக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

சட்டம் தெரியாது என்று சொல்லி யாரும் தப்ப முடியாது என்கிறது அரசு. அப்படியானால் தெரியவைப்பதும் அரசின் கடமைதானே? தமிழ்நாட்டில் அந்தக் கடமையைத் தன் தோளில் சுமந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாக இருந்த அவர், 1805 முதல் 1861 வரையிலான அன்றைய தலைமை மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலைக் கொண்டாடும் நாம் இந்த நூலையும் அதே வரிசையில் வைக்க வேண்டும்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நீதிமன்றத் தீர்ப்புகளை எவரும் மறுபதிப்புச் செய்ய இடம் தந்தது. ஆனாலும் அவை பெரும்பாலும் வக்கீல் அலுவலக அலமாரிகளில், விலை கொடுத்து வாங்கிய தொகுதிகளிலேயே கிடந்தன. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச்சொத்து. பதிப்பாளர் தன் உழைப்பால் சேர்த்த பகுதிக்கு மட்டுமே உரிமை கோரலாம் என்று மோதக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. மறு ஆண்டே சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் ‘இந்தியன் கானூன்’ தளத்தைத் திறந்தார். சட்டப் பிரிவையும் அதைப் பேசும் தீர்ப்புகளையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிப் படிக்க முடிந்தது. உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தொகுப்பிலுள்ள ஏறத்தாழ 34,000 தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாக்கியது 2023இல்தான்.

இப்போது தமிழிலும் தீர்ப்புகள் வருகின்றன, ஆங்கில வடிவமே செல்லும் என்ற குறிப்போடு. வரவேற்போம். ஆனால் சாமானியரின் அன்றாடத்தைத் தொடுவது உச்ச நீதிமன்றத் தீர்ப்பைவிட விதிகளும் அரசாணைகளும்தான். ஒரு விதி நான்கு முறை திருத்தப்பட்டால், மூலத்தையும் நான்கு திருத்தங்களையும் ஒட்டிவைத்துப் படிக்கும் பொறுப்பு குடிமகனுடையதாக இருக்கக் கூடாது. திருத்தம் அரசிதழில் வெளியாகும் அதே நாளில், அதைச் சேர்த்த முழு வாசகத்தையும் தமிழில், தேதியிட்டு, தன் பொறுப்பில் அரசே வெளியிட வேண்டும். இதைச் சட்டமன்றம் கட்டாயமாக்க வேண்டும்.