கைப்பையில் ஒரு கைத்துப்பாக்கி?

புடவைக்கு ஏற்ற கைப்பை எது என்று கேட்டால் நம் சகோதரிகளில் யாரும் பத்து நிமிஷம் பேசுவார்கள். அந்தக் கைப்பைக்குள் அடங்கக் கூடிய கைத்துப்பாக்கி எது என்று கேட்டால்? "ஐயையோ, நமக்கெதற்கு அந்த விபரீதம்?" என்று பக்கத்தைப் புரட்டி, தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். விபரீதம்தான், ஆனால் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டிய விபரீதம்.

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் பொட்டிபுரம் என்று ஓர் ஊர். நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது, வரக்கூடாது என்று பத்திரிகைகளில் அடிபட்டதே, அதே ஊர்தான். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மேற்கே மலை. மலைக்கு மேலே ஏலத்தோட்டங்கள். விடிவதற்குள் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்புகிற பெண்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். கூலி வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. சொந்தத் தோட்டத்தைக் கவனிக்கப் போகிறவர்களும் உண்டு. 2019-ஆம் வருஷம் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை ஏலம் போயிற்று. ஒரு சின்ன மூட்டை காய் ஒரு நகைப் பெட்டிக்குச் சமம் என்று ஆகிவிட்டால், அதைக் காபந்து பண்ணுகிறவளுக்குத் தூக்கம் எப்படி வரும்? "பையில் சின்னதாக ஒன்று இருந்தால் தைரியமாக இருக்குமே" என்று தோன்றுவது இயற்கைதானே?

தோன்றியதோடு நிற்கட்டும். கடைக்குப் போகும் முன் சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் சட்டம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொட்டு வைத்துக்கொள்வதே குற்றம். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, இதற்கு இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை என்று ஆக்கியிருக்கிறார்கள். உரிமம் வேண்டுமென்றால் இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் மனுப்போட வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. உடலும் மனமும் சரியாக இருக்கின்றன என்று டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் உயிருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் மட்டும் போதாது.

இங்கே குடும்பப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரிமம் என்பது ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்குப் பொதுவானதல்ல, ஆளுக்கு உரியது. உரிமம் கணவர் பெயரில், துப்பாக்கி மனைவியின் பையில் என்றால், இருவருக்கும் வம்பு. மாமனார் காலமான பிறகு அவருடைய பழைய துப்பாக்கி பீரோவுக்கு மேல் தூங்கிக்கொண்டிருக்கிறதா? அதைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு உரிமத்துக்கு மனுப் போடுங்கள். "பெரியவர் ஞாபகமாக இருக்கட்டும்" என்றால் சட்டம் ஒப்புக்கொள்ளாது.

போடிக்காரர்களுக்கென்றே இன்னொரு சங்கடம். துப்பாக்கி எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி, போடிமெட்டை அடைந்தால் அப்புறம் கேரளம்! வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில் என்று வாழ்கிற குடும்பங்கள் எத்தனை! தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லுகிற உரிமத்தை வைத்துக்கொண்டு அதே ஜீப்பில் மலையேறினால், எந்த இடத்தில் துணை வேண்டுமென்று வாங்கினீர்களோ, அந்த இடத்தில் நீங்களே குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

சரி, உரிமம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது?

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் ஆகிறதே, 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, அது சாதாரணப் பிரஜைக்கு இந்தியாவில் தடை செய்யப்பட்ட ரகம். ஆகவே அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 ரகம், அதைவிடச் சின்னதாக.22 ரகமும் உண்டு.

2014-ஆம் வருஷம் ஜனவரி மாதம் கான்பூரிலுள்ள அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பெயர் 'நிர்பீக்'. அச்சமில்லாதவர் என்று அர்த்தம். 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியதல்லவா? அதற்குப் பிறகு வந்தது இது. .32 ரகம், டைட்டானியக் கலப்பு உலோகம், கிட்டத்தட்ட அரைக் கிலோ எடை, நகைப் பெட்டி போன்ற அழகான பெட்டி. விலை அப்போது 1,22,360 ரூபாய்! "பெண்களைக் காப்பாற்ற வேண்டியது சர்க்கார், அதைச் செய்யாமல் பெண்ணின் கையில் துப்பாக்கியை விற்பதா?" என்று மணிப்பூரைச் சேர்ந்த பினலட்சுமி நெப்ராம் போன்றவர்கள் கண்டித்தார்கள். பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு இந்த விலை எட்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி.

2023 ஆகஸ்டில் அதே கான்பூரிலிருந்து 'பிரபல்' என்று மற்றொரு .32 ரிவால்வர் வந்தது. இது நிர்பீக்கைவிடச் சற்றுக் கனம்.

"கனமா? அப்படியானால் சின்னதே மேல்" என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். துப்பாக்கி வெடிக்கும்போது கையைப் பின்னால் உதைக்கும். ஒரே தோட்டாவுக்கு, கனமான துப்பாக்கி அந்த உதையில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும். இலேசான துப்பாக்கி அத்தனையையும் உங்கள் மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும். குழாய் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பதும் கஷ்டம். கையில் பிடிக்கும் இடம் சிறுத்துப்போனால் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் பிடி நழுவும். ஒளித்து வைக்க எது சௌகரியமோ, அது சுடுவதற்கு அசௌகரியம். மெல்லிய கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று கடைக்காரர் சிபாரிசு செய்தால் தலையை ஆட்டிவிடாதீர்கள். பயிற்சி பெற்றவர்களே சின்னத் துப்பாக்கியால் குறி தவறுவதுண்டு.

அடுத்தது, ரிவால்வரா, பிஸ்டலா? ரிவால்வரில் உருளை ஒன்று சுழலும். அதன் அறைகளில் தோட்டாக்கள் இருக்கும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் போதும். அடுத்த தோட்டா முன்னே வந்துவிடும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தட்டையானது, மறைக்க வசதி, விசையும் இலேசு. ஆனால் நடுவில் ஒரு தோட்டா சிக்கிக்கொண்டால், அதை விடுவித்துச் சரிசெய்யக் கை பழகியிருக்க வேண்டும். நடுங்குகிற கைக்கு அது நடக்காத காரியம். ஆகவே அதிகம் பழகாதவருக்கு ரிவால்வரே நம்பகமானது. அதன் விசை சற்றுக் கடினம். உங்கள் ஆள்காட்டி விரல் அதை எட்டுகிறதா, பிடி ஆடாமல் கடைசி வரை இழுக்க முடிகிறதா என்று தோட்டா இல்லாத துப்பாக்கியில், கடைக்காரரின் அனுமதியோடு, நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். கணவரின் கைக்கு அளவெடுத்து உங்களுக்கு வளையல் வாங்குவீர்களா?

நம்பகம் என்பது இயந்திரத்தில் மட்டும் இல்லை. மனு பாக்கரைத் தெரியுமல்லவா? 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்ற பெண். அதற்கு முன் 2021-இல் டோக்கியோவில், போட்டியின் நடுவே அவருடைய துப்பாக்கியில் கோளாறு வந்துவிட்டது. சரிசெய்து வருவதற்குள் பொன்னான நிமிஷங்கள் போயின. இறுதிச் சுற்றுக்கு அவர் போக முடியவில்லை. தினம் தினம் பயிற்சி செய்து, கண்ணுக்குக் கண்ணாகப் பராமரித்த துப்பாக்கி அது! அப்படியிருக்க, சில்லறைக் காசு, சீப்பு, குங்குமச் சிமிழ், பஸ் டிக்கெட்டு இவற்றோடு மாதக்கணக்கில் பையின் அடியில் தூசி படிந்து கிடக்கிற துப்பாக்கி, அழைத்த நேரத்தில் ஓடி வருமா?

பை என்றதும் ஞாபகம் வருகிறது. கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மறைத்து, தன் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டுதான் பொது இடத்துக்குப் போக வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. உறையை இடுப்பு பெல்ட்டில் மாட்டலாம். புடவைக்கு ஏது பெல்ட்? ஆக, கைப்பைதான் கதி. நம் கைப்பை ஒரு நாளில் எங்கெல்லாம் இருக்கிறது என்று யோசியுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் மடியில். கல்யாண வீட்டில் யாரோ அத்தையின் பொறுப்பில். கோயிலில் செருப்புக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வந்ததும் சாய்வு நாற்காலியின் மேல். "அம்மா, மிட்டாய் வாங்கி வந்தாயா?" என்று முதலில் பையைத் துழாவுகிறது யார்? உங்கள் ஐந்து வயதுப் பிள்ளை அல்லவா!

பூட்டி வைத்தால் குழந்தைக்கு ஆபத்தில்லை. ஆனால் பீரோவில் துப்பாக்கியும் வேறிடத்தில் தோட்டாவும் பூட்டியிருந்தால், திடீரென்று வருகிற திருடன் சாவி தேடும் வரை காத்திருப்பானா? கைக்கெட்டும்படி வைத்தால் குழந்தைக்குப் பயம். எட்டாதபடி வைத்தால் வாங்கியதே வீண். துப்பாக்கி வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தர்மசங்கடம் கூடவே குடிவருகிறது.

சரித்திரத்தைப் பாருங்கள். 1865-இல் ஆப்ரகாம் லிங்கனைக் கொன்றது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னத் துப்பாக்கி. 1948-இல் காந்திஜியைப் பறித்ததும் சட்டைக்குள் மறைக்கக் கூடிய பிஸ்டல்தான். ஒளித்து வைத்த துப்பாக்கி, எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டவனுக்கு உதவுகிறது. நமக்கோ நேரம் குறிப்பவன் எதிராளி. அவன் பின்னாலிருந்து வருவான். சங்கிலியில் கை வைத்த பிறகுதான் வந்ததே தெரியும். அப்புறம் பையின் ஜிப்பைத் திறந்து, துழாவி, எடுப்பதற்குள் அவன் அடுத்த தெருவில். ஓடுகிறவன் முதுகைப் பார்த்துச் சுட்டால், அது தற்காப்பு என்று கோர்ட்டில் நிலைநாட்டுவது மிகக் கடினம். உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து நேர்கையில் தற்காத்துக்கொள்ளச் சட்டம் உரிமை தருகிறது. கொல்ல நேர்ந்தாலும்கூட மன்னிக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் துளியும் அதிகம் போகக் கூடாது என்கிறது.

மலைக்காரர்களுக்கு இன்னொரு பயம், யானை. 2023-இல் அரிக்கொம்பன் சின்னக்கானலிலிருந்து பிடிபட்டு, பெரியாறு காட்டில் விடப்பட்டு, அங்கிருந்து கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றதை மறக்க முடியுமா? யானைக்கு முன்னால் .32 ரிவால்வர் ஒரு தீபாவளித் துப்பாக்கிதான். யானையைச் சுடுவது பெருங்குற்றம் என்பது ஒரு புறம். காயம்பட்ட யானையிடமிருந்து பிழைப்பது யார்?

அப்படியானால் துப்பாக்கியே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. உண்மையான கொலை மிரட்டல் இருக்கிறது, போலீஸில் புகாரும் பதிவாகியிருக்கிறது, மாதம் ஒரு முறையேனும் ரைஃபிள் கிளப்புக்குப் போய்ப் பயிற்சி செய்யப் பொழுதும் பணமும் உண்டு, வீட்டில் சின்னக் குழந்தை இல்லை. இப்படிப்பட்டவர் உங்களில் ஒருவர் இருந்தால், அவருக்கு என் யோசனை: மிகச் சின்னதும் வேண்டாம், மிக அழகானதும் வேண்டாம். கை நிறையப் பிடிக்க முடிகிற, சற்றுக் கனமான .32 ரிவால்வர். அதற்கென்று தனி அறையும் விசையை மூடும் உறையும் உள்ள பை. அந்தப் பையைத் தோளிலிருந்து இறக்குவதில்லை என்ற வைராக்கியம். தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் ஒப்படைக்கிற மனம். ஐந்து வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்கிற ஞாபகம்.

மற்றவர்களுக்கு அந்த ஒரு லட்ச ரூபாயில் செய்ய வேண்டிய காரியங்கள் நிறைய இருக்கின்றன. காய் விற்ற பணத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். மடியில் கனமில்லை என்பது ஊருக்குத் தெரியட்டும். காய் வைக்கிற அறைக்கு நல்ல பூட்டும் வாசலுக்கு நல்ல விளக்கும் போடுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது கடைசி ஜீப்பில் தனியாக வராமல், நாலு பேராக முந்தின ஜீப்பில் வாருங்கள். மிளகுத் தூள் தெளிப்பானுக்கு உரிமம் வேண்டாம். அதைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. இந்த இரண்டு எண்களையும் டெலிபோனில் பதிந்து வைப்பதோடு, வீட்டிலுள்ள பெரிய பெண்ணுக்கும் மனப்பாடம் பண்ணிக் கொடுங்கள். இன்று சாயங்காலமே செய்துவிடலாம்; ஆட்சியர் அலுவலகத்தில் மனுப்போட வேண்டியதில்லை.