கையாற் செய்த கைம்மாறு

ஆண்டு விழா நிறைவுற்றதும் கல்வியாண்டின் இறுதி வாரங்கள் வந்துவிடும். அவ்வேளையில் எமது பள்ளியின் நடைவழியில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகின்றது. "இம்முறை ஆசிரியர்மாருக்கு என்ன கொடுப்பது?" என்று பெற்றோர் தம்முள் கேட்டுக்கொள்கின்றனர். நல்ல உள்ளத்திலிருந்து பிறக்கும் கேள்வி இது. சனிக்கிழமை ஓய்வைத் துறந்து, ஊதியமின்றிக் கற்பிப்போருக்கு நன்றி கூற விரும்புவதில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அக்கேள்விக்கு அண்மைக் காலமாக நாம் கண்டுவரும் விடை சரியானதுதானா என்பதை, இம்மலரின் வாயிலாகப் பெற்றோருடனும் மாணவச் செல்வங்களுடனும் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றோம்.

பிரித்தானியப் பாடசாலைகளில் யூலை மாதத்தில் கல்வியாண்டு முடியும்போது ஆசிரியருக்குச் சொக்கிலேட் பெட்டியோ கடைப் பரிசு அட்டையோ கொடுப்பதைப் பிள்ளைகள் காண்கின்றனர். அவ்வழக்கம் எமது வார இறுதிப் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. வந்ததோடு நில்லாது வளர்ந்தும் விட்டது. சென்ற ஆண்டு பிள்ளைக்கு 20 பவுண் வீதம் சேர்க்கப்பட்டது. கொடுத்தோரின் பெயர்கள் வாழ்த்து மடலில் வரிசையாக எழுதப்பட்டன. அந்த வாரமும் அடுத்த வாரமும் எமது மாணவன் ஒருவன் வரவில்லை. காய்ச்சல் என்றார் தாயார். பின்னரே உண்மையை அறிந்தோம்.

அக்குடும்பத்தின் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. அவ்வாறு காத்திருப்போர் பொதுவாக இந்நாட்டில் வேலை செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. ஆளுக்கு வாரமொன்றுக்கு ஏறத்தாழ 50 பவுண் உதவித்தொகைக்குள்ளேயே உணவு, உடை, பயணம் யாவும் அடங்க வேண்டும். இரு பிள்ளைகளுக்குமாக 40 பவுண் கொடுக்க வழியில்லாத தாய், பிள்ளைகளை வீட்டில் மறித்துவிட்டார். தமிழ் படிக்க வந்த பிள்ளை, தமிழாசிரியருக்கு நன்றி கூறப் பணமில்லாமல் தமிழ்ப் பள்ளிக்கு வராது நின்றான். பணம் சேர்த்த பெற்றோரை நாம் குறை கூற மாட்டோம். எல்லோரும் காணும்படி அப்பரிசை மேசைமீது வைத்து மகிழ்ந்தவர் நாமே. அக்குற்றத்தில் முதற்பங்கு எம்முடையது.

அம்மாணவன் யாரென்று எவரும் தேட வேண்டாம். நேற்று நம்மிற் பலர் அந்நிலையில் இருந்தவர்களே. இந்நாட்டுக்கு வந்த புதிதில் நாமும் அவ்வாறே காத்திருந்தோம்.

அந்நாள்களில் எமது நினைவுக்கு அடிக்கடி வந்தது ஒரு பனையோலைப் பெட்டி. 2007ஆம் ஆண்டு வன்னியிலுள்ள பாடசாலையொன்றில் நாம் ஆசிரியராக இருந்தோம். அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்தமையால், கடைகளிற் பொருள்கள் அரிதாகவும் அவற்றின் விலைகள் எட்டாதனவாகவும் இருந்த காலம் அது. ஒக்டோபர் 6ஆம் நாள் ஆசிரியர் தினத்தன்று, ஏழாம் தர மாணவி ஒருத்தி சார்வோலை வார்ந்து தானே இழைத்த சிறு பெட்டியொன்றைக் கொண்டுவந்தாள். அம்மம்மா பக்கத்திலிருந்து காட்டிக்கொடுக்க, மூன்று மாலைப்பொழுதுகளில் இழைத்து முடித்தாளாம். வாய் சற்றே கோணியிருந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை. "சேர், வெண்கட்டி வைக்கலாம்" என்றாள். எமது சட்டைப் பையில் வெண்கட்டித் துண்டுகள் ஒடிந்து தூளாவதை அவள் கவனித்திருக்கிறாள்! 2009இல் இடம்விட்டு இடம் ஓடியபோது, சான்றிதழ்களை எடுத்த கை அப்பெட்டியை எடுக்கத் தவறிவிட்டது. பின்னர் பெற்ற பரிசுகளிற் பலவற்றை மறந்துவிட்டோம். அக்கோணற் பெட்டியை மறக்க இயலவில்லை.

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் "செய்ந்நன்றி அறிதல்" என்றே பெயர், "கொடுத்தல்" என்றன்று. விசயதசமி நாளில் ஏடு தொடக்கிய ஆசிரியருக்கு வெற்றிலை பாக்கு வைத்து வணங்கிய வழக்கமும் அதனையே உணர்த்தும். விலையுயர்ந்த பொருளை வாங்குவது பெற்றோரின் பணப்பை. தனக்குச் செய்யப்பட்டது யாதென்று அறிய வேண்டியவர் பிள்ளை.

ஆகவே மாணவச் செல்வங்களே, நீங்களே செய்யக்கூடியவை சிலவற்றைக் கூறுகின்றோம். இவற்றுள் எதற்கும் ஒரு பவுணுக்கு மேல் செலவாகாது.

முதலாவது, சொல்மாலை. வீட்டில் வெறுமையான தானிய உணவுப் பெட்டியின் அட்டையை 30 சிறு துண்டுகளாக வெட்டுங்கள். இவ்வாண்டு கற்ற புதிய சொற்களைத் துண்டுக்கு ஒன்றாக எழுதி, துளையிட்டு நூலிற் கோத்துவிடுங்கள். ஓராண்டு உழைப்பின் பயனை ஆசிரியர் கையிலெடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, வெந்தயச் செடி. தயிர்க் கோப்பையின் அடியிற் சிறு துளைகள் இட்டு மண் நிரப்புங்கள். ஓரிரவு ஊறிய ஒரு கரண்டி வெந்தயத்தைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, யன்னலோரம் வைத்து ஈரம் காயாது பாருங்கள். சில நாள்களில் முளைக்கும். இரு வாரங்களிற் கொடுப்பதற்கு ஏற்ற பசுமையுடன் நிற்கும்.

மூன்றாவது, புத்தகத்தில் பக்கம் குறிக்கும் பட்டி. அம்மாவின் பழஞ்சேலைக் கரையிற் சாண் அளவு கேட்டு வாங்கி, அட்டையில் ஒட்டினாற் போதும்.

எதைச் செய்தாலும் ஒரு விதி உண்டு. அதனோடு ஒரு தமிழ் வாக்கியம் இருக்க வேண்டும். அது உங்கள் சொந்த வாக்கியமாகவும் இருக்க வேண்டும். "ரீச்சர், இப்போது நான் அம்மம்மாவுடன் தொலைபேசியில் தமிழிலே கதைக்கிறேன்" என்று ஒரு பிள்ளை எழுதினால், அதைவிட எமக்கு வேறென்ன வேண்டும்? "சிறந்த ஆசிரியர்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட தேநீர்க் கோப்பைகள் ஐந்து எமது வீட்டில் இருக்கின்றன. கொடுத்த அன்பை மதிக்கின்றோம். எனினும் தமிழ் கற்பித்தமைக்குக் கிடைத்த கோப்பைகளில் ஒரு தமிழெழுத்துக்கூட இல்லை.

பெற்றோர் சிலர், "இரண்டு வேலை பார்க்கிறோம், இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இது பெற்றோருக்குரிய வேலையன்று. நீங்கள் செய்துகொடுத்தால் நாளை அதுவும் யார் வீட்டுக் கைவேலை அழகு என்ற போட்டியாகிவிடும். கடையில் 15 பவுணுக்குக் கைவினைப் பொதி வாங்கினாலும் பழைய கதையே. பிள்ளையின் வாக்கியத்தில் "ல"வும் "ள"வும் மாறியிருந்தாலும் திருத்திக் கொடாதீர்கள். திருத்துவது எங்கள் தொழில். அடுத்த தவணையில் நாம் பார்த்துக்கொள்வோம்.

எமது வேண்டுகோள் இதுதான். இவ்வாண்டு எவரிடமும் பணம் சேர்க்க வேண்டாம். இறுதி வகுப்புக்கு முந்திய சனிக்கிழமையன்று கடைசி அரை மணி நேரத்தை ஒவ்வொரு வகுப்பும் இதற்காக ஒதுக்கட்டும். அட்டையும் துணியும் வீட்டிலிருந்து வரட்டும். பசையும் நூலும் பள்ளி தரட்டும். ஒரு வகுப்பின் ஆசிரியருக்கானதை மற்றொரு வகுப்பின் ஆசிரியர் மேற்பார்வை செய்யலாம். பெயர் வாசிப்பும் வேண்டாம். மேசைக் காட்சியும் வேண்டாம்.

அச்சனிக்கிழமை எமது வகுப்பின் வரவுப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரேனும் வெற்றிடம் இருக்கலாகாது. பெற்றோரிடம் நாம் வேண்டும் பரிசு அதுவே.