புல்லு வெட்டுற மெஷினும் சீமெந்து மூட்டையும்

போன ஏப்ரலில் தெரிந்த தம்பி ஒருவர் ரெலிபோன் எடுத்தார். ஹரோப் பக்கம் வீடு வாங்கிக் குடிபுகுந்து அப்போது நாலு மாதம். பால் காய்ச்சின அன்று யன்னலுக்குள்ளால் பின்வளவைப் பார்த்ததுதான், பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லையாம்.

“அண்ணை, புல்லு முழங்கால் மட்டும் வந்திட்டுது. பக்கத்து வீட்டு மனிசி ஒரு மாதிரிப் பாக்குது. ஒரு பெற்றோல் மெஷின் பாத்து வைச்சிருக்கிறன். அதை வாங்கட்டோ, இல்லாட்டி எங்கட பெடியளைப் பிடிச்சு முழுக்கச் சீமெந்து போட்டு விடட்டோ?”

“எவ்வளவு பெரிய வளவு?”

“அஞ்சு மீற்றர் அகலம், ஆறு மீற்றர் நீளம் வரும்.”

முப்பது சதுர மீற்றர். அதுக்குப் பெற்றோல் மெஷின்! ஈயடிக்க உலக்கை தூக்கின கதைதான். “கையால தள்ளுற மெஷின் ஒண்டு வாங்கும் தம்பி” என்றேன். சிரித்தார். “என்ன அண்ணை, இந்தக் காலத்திலயும் அதோ?” என்றார். ரெலிபோனில் அவருக்குச் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். லண்டனில் இப்படிக் கைக்குட்டை அளவு வளவு வைத்திருக்கிற எங்கட ஆக்கள் கனபேர்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புல்தரை எங்கட சாமான் இல்லை. ஊரில் முற்றம் என்றால் மண். விடிய எழும்பி ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி, அந்தக் கோடு அழியாமல் கிடந்தால்தான் வீடு வடிவு. முற்றத்தில் புல் முளைத்தால் அது ஆள் இல்லாத வீடு. எங்கேயாவது பச்சையாகக் கண்டால் அப்பு உழவாரத்தை எடுத்துக்கொண்டு குந்தியிருந்து செருக்கி மாட்டுக்குப் போடுவார். மழைகாலத்தில் புல்லுக்குள் கால் வைக்க அம்மா விடமாட்டா, பூச்சி பொட்டு கிடக்கும் என்று. அப்படி வளர்ந்தவனுக்கு, புல்லை வளர்த்து, வெட்டி, வெட்டினதை எறிந்துவிட்டுத் திரும்பவும் வளர்க்கிறது விசர் வேலையாகத்தான் தெரியும். எனக்கும் கன காலம் அப்படித்தான் தெரிந்தது.

1999இல் ஈஸ்ற்ஹாமில் ஏழு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். நாலு பேருக்கு இரவு வேலை. வீட்டுக்காரர் எங்கட ஆள்தான். வாடகை வாங்க வந்தவர் பின்பக்கம் எட்டிப் பார்த்து, புல்லு வெட்டாவிட்டால் டிபொசிற்றில் கழிப்பேன் என்றுவிட்டுப் போனார். ஷெட்டுக்குள் ஒரு கரண்ட் மெஷின் கிடந்தது. ஒருநாள் காலை பத்து மணிக்கு அதை இழுத்து, வயரைக் கொழுவி, ஒரு ஓட்டம் வெட்டியிருக்க மாட்டேன். மேல் யன்னல் திறந்து செருப்பு ஒன்று வந்து விழுந்தது. இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்ரேஷன் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுவிட்டு எட்டு மணிக்குத்தான் படுத்தவன். எறிந்ததில் பிழை சொல்ல ஏலாது. அடுத்த கிழமை எனக்கும் அதே வேலை நேரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு பழைய இரும்புச் சாமானைத் தூக்கித் தந்தார். மரக் கைபிடி, இரண்டு சில்லு, நடுவில் முறுக்கின கத்திகள். என்னுடைய அப்போதைய இங்கிலீசுக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. தள்ளினேன். பள்ளத்தில் பெடல் போடாமல் சைக்கிள் இறங்கும்போது கிர்ர்ர் என்று ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு யன்னலும் திறக்கவில்லை. அந்த நாளில் எங்களுக்குச் சம்பளத்துக்கு அடுத்த சொத்து நித்திரைதான்.

2004இல் கடன்பட்டுச் சொந்தமாக ஒரு சின்ன வீடு வந்தபோது புத்தம் புதிதாகத் தள்ளுற மெஷின் ஒன்று வாங்கினேன். முதல் கோடை வடிவாக வெட்டியது. அடுத்த கோடை புல்லை வெட்டாமல் மடக்கிவிட்டுப் போனது. மலிந்த சாமான் என்று திட்டிக்கொண்டு காரில் ஏற்றிப்போய் குப்பை கொட்டுகிற இடத்தில் எறிந்தேன். அங்கே வேலை செய்த மனிசன் அதைத் தூக்கி, உருளையைச் சுத்திப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பிழையும் இல்லை, இரண்டு ஸ்குரூவைத் திருப்பினால் சரி என்றான். வெட்கத்தில் திருப்பிக் கேட்கவும் இல்லை. இந்த நாட்டில் நான் செய்த மோட்டு வேலைகளில் அதுவும் ஒன்று. ஆனபடியால் இதில் நான் சொல்ல வருவது முக்கியமாக அந்த இரண்டு ஸ்குரூவைப் பற்றித்தான்.

இந்த மெஷின் உண்மையில் ஒரு கத்தரிக்கோல். ஐந்தாறு கத்திகள் முறுக்காக வளைந்து ஒரு உருளையாக நிற்கும். சில்லு உருள, அதற்குள் இருக்கிற பற்சக்கரம் உருளையைச் சில்லைவிட வேகமாகச் சுத்தும். கீழே ஒரு தட்டைக் கத்தி அசையாமல் கிடக்கும். உருளை புல்லை வளைத்துக் கொண்டுவந்து கீழ்க்கத்தியில் வைத்து நறுக்கும். கரண்ட், பெற்றோல் மெஷின்களில் பெரும்பாலானவை அப்படியில்லை. ஒரு கத்தி விசிறி மாதிரிச் சுழன்று புல்லை அடித்து அறுக்கும். கத்தி மொட்டையானால் புல்லின் நுனி கிழிந்து இரண்டு நாளில் வெளிறிப்போகும்.

இதைக் கண்டுபிடித்தவர் தோட்டக்காரர் இல்லை. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக். குளொஸ்ரர்ஷயரில் ஸ்ட்ரவுட் பக்கம். அங்கே கம்பளித் துணி ஆலைகள் அதிகம். நெய்த துணியின் மேல் நீட்டி நிற்கிற பிசிறை ஒரே அளவாக வெட்ட உருளைக் கத்தி மெஷின் ஒன்று ஆலைகளில் இருந்தது. துணியில் வெட்டுகிறது புல்லில் ஏன் வெட்டாது என்று யோசித்த மனிசன், 1830இல் காப்புரிமை எடுத்தார். ரீஜன்ற்ஸ் பார்க்கில் இருக்கிற மிருகக்காட்சிச்சாலைத் தோட்டம் ஆரம்பத்திலேயே அதை வாங்கின இடங்களில் ஒன்று. அதற்கு முன்னம் பனி ஈரம் காய முதல் ஆக்கள் வரிசையாக நின்று நீட்டுப்பிடி அரிவாளால் வெட்டுவார்கள். பிறகு பெரிய மெஷின்களைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பட்டுப் புல்தரை கிண்டுப்படாமல் குதிரைக்குத் தோல் சப்பாத்து போட்டுவிட்டார்கள். இதை நான் சொல்ல என்ர மகள் நம்பவில்லை, படம் காட்டவேண்டி வந்தது. இருநூறு வருசம் ஆகப்போகிறது. உருளையும் கீழ்க்கத்தியும் இன்னும் அப்படியேதான்.

சரி, எதை வாங்குகிறது? 30 சென்ரிமீற்றர் அகலம் போதும். தம்பியின் வளவுக்கே கணக்குப் பாருங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் 5 சென்ரிமீற்றர் மேல்படிய வெட்டினால் 20 ஓட்டம், ஒவ்வொன்றும் 6 மீற்றர். மொத்தம் 120 மீற்றர் நடை. பஸ்சுக்கு நாங்கள் ஓடுகிறது அதைவிடக் கூட. அகலம் கூடினால் ஓட்டம் குறையும், ஆனால் ஒரே தள்ளில் கூடப் புல்லை வெட்டவேண்டும், தோளுக்குத் தெரியும்.

பக்கத்தில் இரண்டு சில்லு மட்டும் உள்ளது பாரம் குறைவு. மேடு பள்ளத்தையும் கொஞ்சம் உயர்ந்த புல்லையும் சமாளிக்கும். பின்னால் ரோலர் வைத்தது புல்லைச் சாய்த்துக்கொண்டு போவதால் கிரிக்கெற் மைதானம் மாதிரி வெளிர்பச்சை, கரும்பச்சை என்று கோடு விழும். கோடு வேண்டுமென்று ஆசை இருப்பவர்கள் அதை வாங்கட்டும். எனக்கு அந்த ஆசை இல்லை. நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று. உருளைக்கும் கீழ்க்கத்திக்கும் இடையிலுள்ள நெருக்கத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு பக்கமும் ஸ்குரூ இருக்கிறதா, அது கைக்கு எட்டுகிறதா? கார் பூட் சேலில் பழசைக் கண்டாலும் பயப்பட வேண்டாம். துரு தேய்த்தால் போகும். கத்தியில் பெரிய பள்ளமோ வளைவோ இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நான் இப்போது வைத்திருப்பது அப்படி 10 பவுண்ஸுக்கு வாங்கினதுதான்.

இனி ஸ்குரூவுக்கு வருவோம். தடித்த கையுறை போடுங்கள், இது விரலையும் வெட்டும். கடிதப் பெட்டிக்குள் வந்து விழுகிற மெல்லிய விளம்பரத் துண்டு ஒன்றை உருளைக்கும் கீழ்க்கத்திக்கும் இடையில் பிடித்து, உருளையை மெதுவாகத் திருப்புங்கள். பேப்பர் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். இடது அந்தம், நடு, வலது அந்தம் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். ஒரு அந்தத்தில் வெட்டி மற்ற அந்தத்தில் மடிந்தால், மடிகிற பக்கத்து ஸ்குரூவைக் கொஞ்சம், கால் சுற்றுக்கும் குறைவாக, திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். ஆசைப்பட்டு இறுக்கினால் தள்ள ஏலாது, கத்தியும் வீணாகத் தேயும். சில புது மெஷின்களில் கத்திகள் ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டுத்தான் பொருத்தியிருப்பார்கள். அதற்கும் இந்தப் பேப்பர்ச் சோதனைதான். வருசத்துக்கு இரண்டு மூன்று தரம், பத்து நிமிச வேலை. இதைத் தெரியாமல்தான் நான் ஒரு நல்ல மெஷினைக் குப்பையில் போட்டேன்.

பாவிக்கிற முறையிலும் ஒரு பிடிவாதம் வேண்டும். ஈரப் புல்லில் தள்ளாதீர்கள், சில்லு வழுக்கும், புல் ஒட்டும். சுள்ளி, கல்லு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் முதலே பொறுக்குங்கள். ஒரு பென்சில் தடிப்புச் சுள்ளி போதும், உருளை சடாரென்று நின்று கைபிடி வயிற்றில் இடிக்கும். மே, ஜூனில் கிழமைக்கு ஒருக்கா வெட்டவே வேண்டும். ஒரு தரத்தில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. வெட்டுப்பட்ட சின்னத் துணுக்குகளை அப்படியே விட்டால் அதுவே பசளை.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று கிழமை விட்டீர்களோ, இந்த மெஷின் உங்களைத் தோற்கடிக்கும். நீட்டுக்குப் பூத்து நிற்கிற தண்டுகளை மடக்கிவிட்டுப் போகும், வெட்டாது. 2019இலிருந்து பிளான்ற்லைஃப் என்ற அமைப்பு மே மாதம் புல் வெட்டாமல் விடுங்கள், தேனீக்கு நல்லது என்று சொல்லிவருகிறது. நல்ல விசயம். ஆனால் அப்படி விட்டால் ஜூன் முதல் வெட்டுக்குக் கத்தரிக்கோல்தான். நாரி வருத்தம் உள்ளவர்களுக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் பற்றறி மெஷின் வாங்கட்டும், அதுவும் பெற்றோல் மாதிரிக் கத்தாது.

தம்பியின் மற்றக் கேள்வி சீமெந்து. இதில் எனக்குக் கோபம் வருகிறது, பாதி என்னிலேயே. 2005இல் லண்டன் அசெம்பிளி ஒரு அறிக்கை விட்டது. லண்டன் வீடுகளின் முன்வளவுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே பகுதியாகவோ முழுதாகவோ மூடப்பட்டுவிட்டன, மூடின பரப்பு 22 ஹைட் பார்க் அளவு என்று அதில் இருந்தது. அடுத்த வருசமே நானும் என்ர முன்பக்கத்தைக் காருக்காக முழுக்க மூடினேன். அவர் போட்டிட்டார், இவர் போட்டிட்டார் என்று தெருவே போட்டது. 2008 ஒக்ரோபரிலிருந்து, முன்வளவில் 5 சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத தரை போட்டு, ஓடுகிற தண்ணீருக்கு மண்ணில் இறங்க வழி விடாவிட்டால், அனுமதி எடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. நான் முந்திக்கொண்டேன் என்று அப்போது பெருமை வேறு.

2021 யூலையில் இரண்டு தரம் லண்டனில் மழை கொட்டியது. 12ஆம் திகதி ஒன்று, 25ஆம் திகதி ஒன்று. இரண்டாம் முறை நியூஹாம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வெள்ளம். லண்டனின் கன இடங்களில் மழைத்தண்ணீரும் கழிவுத்தண்ணீரும் விக்ரோறியா காலத்து ஒரே குழாயில்தான் போகின்றன. அன்று என்ர முன்பக்கத் தண்ணீர் றோட்டுக்குப் போகாமல் வாசற்படியை நோக்கி வந்தது. துவாயையும் பழைய போர்வையையும் கதவுக்கடியில் அடைந்துகொண்டு நான் முன்னுக்கு நிற்க, பின்வளவில் புல்லு அந்த மழையைக் குடித்துக்கொண்டு பேசாமல் நின்றது. அடுத்த மாதம் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசைக் கல்லைக் கிளப்பினேன். போட்ட செலவைவிடக் கிளப்பின செலவுதான் எரிச்சல்.

கார் விட இடமில்லை என்று முன்பக்கத்தை மூடுகிறவனைக்கூட எனக்கு விளங்கும். கிழமைக்குக் கால் மணித்தியாலம் நடக்கப் பஞ்சிப்பட்டுப் பின்பக்கத்தையும் மூடுகிறதை ஏற்க ஏலாது. பிளாஸ்ரிக் புல்லு விரிக்கிறவர்களைப் பற்றிக் கதைக்கவே விருப்பமில்லை. யூலை வெயிலில் அதில் வெறுங்காலோடு ஒருக்கா நின்று பார்க்கட்டும். 2022 யூலையில் இங்கே 40 பாகையைத் தாண்டினபோது என்ர புல்லும் கருகித்தான் போனது. தண்ணீரும் ஊற்றவில்லை, வெட்டவும் இல்லை. மழை வர, தானாகப் பச்சை பிடித்தது.

அடுத்த சனிக்கிழமை மெஷினையும் பெரிய கத்தரிக்கோலையும் காரில் போட்டுக்கொண்டு ஹரோவுக்குப் போனேன். முழங்கால் புல்லைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குறைக்கவே ஒன்றரை மணித்தியாலம் போனது. குவிந்த புல்லைப் பார்த்துக்கொண்டு படியில் இருந்த தம்பியின் அம்மா, “இவ்வளவு புல்லையும் எந்த மாட்டுக்குத் தம்பி போடப்போறியள்?” என்று கேட்டா. எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. கவுன்சிலின் பச்சைத் தொட்டிக்குள் போடுவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பி போன மாதம் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார், 30 சென்ரிமீற்றர். நேற்று ரெலிபோன்.

“அண்ணை, ஒரு பக்கம் வெட்டுது, ஒரு பக்கம் மடியுது. திருப்பிக் குடுக்கட்டோ?”

“எந்தப் பக்கம் மடியுது?”

“இடப்பக்கம்.”

“பேப்பர் வைச்சுப் பாத்தனீரோ?”

“இல்லை அண்ணை.”

“முதல் அதைப் பாரும்.”