மாணாக்கர் பெருக்கமும் சர்வகலாசாலைக் கல்வியும்

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டில், லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் அது போதிக்கும் இடமாயிராமல், பரீட்சை நடத்திப் பட்டமளிக்கும் சபையாகவே இருந்தது. அந்நாளிற் பட்டம் பெற்றோர் மிகச் சிலர். 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்போ, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வரை வயதுள்ளோர் தொகைக்கு நூற்றுக்கு 47 என்னும் விகிதத்தில் மாணாக்கர் சேர்ந்திருந்தனர் எனக் காட்டுகின்றது. இந்தியா முழுமைக்கும் அவ்விகிதம் 28 சொச்சமே.

இப்பெருக்கங்கண்டு மகிழ்வாரும் உளர். தரம் குன்றிற்றென்று வருந்துவாரும் உளர். கூட்டம் மிகுந்தாற் கல்வி கெடும், ஆகலின் வாயிலைச் சுருக்க வேண்டும் என்பர் பின்னவர். நாம் இதற்கு உடன்படோம். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலைப் படியேறும் பிள்ளையை வெளியே நிறுத்தித் தரத்தைக் காப்பது, நோயாளரைத் துரத்திவிட்டு வைத்தியசாலையைத் துப்புரவாக வைத்திருப்பதை ஒக்கும்.

அங்ஙனமாயின் குறை யாண்டுளது? பரீட்சை நடத்துதற்கு மாணாக்கர் தொகை பெருந்தடையன்று. வினாத்தாளை எத்தனை ஆயிரமாயினும் அச்சிடலாம். போதனை அத்தகையதன்று. ஒரு கட்டுரையைப் படித்துப் பிழை காட்ட ஆசிரியர்க்கு 10 நிமிஷம் வேண்டுமெனக் கொள்வோம். 30 பேருக்கு 5 மணி நேரம் ஆகும். 120 பேருக்கு 20 மணி நேரம் ஆகும். வாரந்தோறும் அத்துணை நேரம் எவர்க்குண்டு? ஆகவே கட்டுரை எழுதுவித்தல் நின்றுபோகின்றது. குறிப்புப் புஸ்தகமும் மனப்பாடமும் அதன் இடத்தைப் பற்றுகின்றன.

நிலையான ஆசிரியர் பதவிகள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளரைக் கொண்டு வகுப்புகளை நடத்துதல் அரசினர் கலாசாலைகளில் வழக்கமாகிவிட்டது. அவர்கள் திறமையிற் குறைந்தவரல்லர். ஆயினும், அடுத்த ஆண்டு தமக்கு வேலையுண்டோ இல்லையோ என்று ஐயுற்றிருப்போர், ஒரு மாணாக்கனை மூன்றாண்டும் உடனிருந்து பயிற்றுதல் எவ்வாறு கூடும்?

மதிப்பெண்களைத் தாராளமாக வழங்கி இக்குறையை மறைத்தல் பெருந்தீங்காம். பட்டத்தின் மதிப்புக் குறையுமாயின், செல்வர் பிள்ளைகளுக்கு அயல்நாட்டுக் கல்வி முதலிய வேறு வழிகள் உண்டு. ஏழை மாணாக்கனுக்கோ அப்பட்டம் ஒன்றே கைம்முதல். அது செல்லாக் காசாயின் அவன் எங்கே போவான்?

ஆதலின், புதிய வகுப்பிற்கு உத்தரவளிக்கும்போதே அதற்குரிய நிலையான ஆசிரியரையும் நியமித்தல் வேண்டும். முதலாண்டு மாணாக்கரையேனும் சிறு குழுக்களாகப் பிரித்து, வாரந்தோறும் எழுதுவித்துத் திருத்துதல் வேண்டும். இவற்றிற்குப் பொருட்செலவு மிகுதியே. எனினும், வாயிலை அகலத் திறந்த அரசாங்கம் உள்ளே விளக்கேற்றும் செலவுக்கு அஞ்சலாகாது என்பது எமது துணிபு.