பெக்கோவுக்கு முன்னர் தொல்லியலாளர்

மயிலிட்டி மீன்பிடித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட அபிவிருத்தி 2025 செப்டெம்பர் 1 இல் ஆரம்பித்து வைக்கப்பட்டுள்ள நிலையில், அங்கே மண் கிளறப்படும் ஒவ்வோர் இடத்திலும் பயிற்சி பெற்ற தொல்லியலாளர் ஒருவர் நிற்கவேண்டும். 1990 இல் போரினால் துரத்தப்பட்ட மீனவர்கள் 27 ஆண்டுகள் காத்திருந்து மீட்ட துறை இது. அவர்களின் வேலையை இழுத்தடிப்பது நமது நோக்கமன்று. ஆனால் மயிலிட்டி அமைந்துள்ள வலிகாமத்தில் சுண்ணக்கல்லின் மேலுள்ள மண் ஆழமற்றது. பெக்கோவின் ஓர் அள்ளலில் கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடும் சங்குத் துண்டும் சாம்பல் படையும் ஒரே குவியலாகிவிடும். ஓட்டைப் பிறகும் பொறுக்கலாம். அது எந்தப் படையில், எதன் அருகே கிடந்தது என்பதைப் பொறுக்க முடியாது. இதே வலிகாமத்தின் கந்தரோடையில் 1917 அளவில் போல் பீரிஸ் தொடங்கிய தொல்லியல் தேடல் ஓர் அரச அதிகாரியின் தனி ஆர்வம். 1980 இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கண்ட வெண்கல முத்திரையோ, ஈமப் புதைப்பிலே எலும்புக்கூட்டோடு கிடந்த நிலையில் பதிவானதால்தான் இன்றும் சான்றாக நிற்கிறது. ‘தொல்பொருள்’ என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடுமென்று வடக்கில் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணமில்லாமலில்லை. ஆகவே, மயிலிட்டியின் தொல்லியல் கண்காணிப்பை, காணிகளைத் தொல்லியல் இடமெனக் கொழும்பிலிருந்து அறிவிக்கும் வர்த்தமானிக்கு விட்டுவிடாமல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் கற்றவர்களிடம் ஒப்படைக்கவேண்டும். அவர்களுக்கான கூலி ஒப்பந்தச் செலவிலேயே சேர்க்கப்படவேண்டும். அவர்களின் களக்குறிப்பு, காணிக்காரர் வாசிக்கக்கூடிய தமிழில், வேலை முடியுமுன்னரே வெளிவரவேண்டும்.